அந்த டிஸ்க்குகளை அழிக்க மாட்டேன்

“அழிச்சிடுங்க” என்றார் இயக்குநர். கோபமாகச் சொல்லவில்லை. பழைய பேப்பரை எடைக்குப் போடச் சொல்கிற குரலில் சொன்னார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தவளுக்கு நாற்பத்தாறு வயது. மலை உச்சியில் இருக்கும் அந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அணுக் கடிகாரம் அவள் பொறுப்பு. பதினான்கு வருடமாக அதே வேலை. துணி அலமாரி உயரத்தில் நிற்கும் அந்தக் கடிகாரம் பல லட்சம் வருடம் ஓடினாலும் ஒரு நொடி பிசகாது. ஆனால் டிக் டிக் என்று சத்தம் போடாது. அந்தக் குறை தெரியாதபடி இவள் வாய் ஓயாமல் பேசுவதால் நிலையத்தில் எல்லோரும் இவளை டிக்டிக் என்றே கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்களுக்கு டிக்டிக் அக்கா.

“எதை சார் அழிக்கணும்?”

“மேல ஸ்டோர்ல மிச்சமிருக்கிற நாலு பெட்டியைத்தான். வியாழக்கிழமை சரக்கு வண்டி வருது. காலி டிஸ்க்கா ஏத்தி அனுப்பணும். அடுத்த சீசனுக்கு வேற நிலையத்துக்கு வேணுமாம்.”

ஒப்பீட்டு மையத்திலிருந்து வந்த கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். நான்கு வரிதான். ‘உங்கள் நிலையத்தின் பதிவை மற்ற ஏழு நிலையங்களின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்பது வாரம் தேடியும் பொருத்தம் எதுவும் கிடைக்கவில்லை. இந்த ஆண்டின் கருந்துளைப் படத்தில் உங்கள் நிலையத்தைச் சேர்க்க இயலாது. எங்களிடம் உள்ள உங்கள் டிஸ்க்குகளை வெள்ளிக்கிழமை அழிக்கிறோம்.’

டிக்டிக் அதை நின்றபடியே படித்தாள்.

ஏப்ரல் மாதம் உலகத்தின் எட்டு மூலைகளில் இருக்கும் எட்டு டிஷ்கள் ஒரே கருந்துளையை ஒரே நேரத்தில் பார்த்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் அது தெரியாது. அவ்வளவு தூரம், அவ்வளவு சிறிசு. எட்டையும் சேர்த்தால் பூமி அளவுக்கு ஒரே டிஷ் வைத்துப் பார்த்த மாதிரி. சேர்ப்பது கம்பி போட்டு அல்ல. ஒவ்வொரு நிலையமும் தனக்கு வந்த அலையை நேரம் குறித்து டிஸ்க்கில் பதிவு செய்யும். இணையத்தில் அனுப்ப முடியாத அளவு பதிவு அது. பெட்டி பெட்டியாக விமானத்தில் போகும். மையத்தில் எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரக் கணக்கில் ஓடவிட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இடத்தைத் தேடுவார்கள். நேரம் ஒத்துப்போனால் படம். இல்லையென்றால் இரைச்சல்.

இவர்கள் நிலையத்தின் டிஷ்தான் எட்டிலும் சிறியது, பழையது. ஏப்ரல் முடிந்ததும் பாதிப் பெட்டிகள் வண்டியில் இறங்கிவிட்டன. மறுநாள் பனி கொட்டி, சரக்கு வண்டி ஏறும் பாதை மூடிக்கொண்டது. அதனால் மறுபாதி இன்னும் மேலேயே இருந்தது.

“பதிவுல தப்பு இருக்காது சார்” என்றாள்.

“கடிகாரத்துல தப்பு இருக்காதுன்னு சொல்லுங்க. ரிசீவர் கெட்டிருக்கலாம், கேபிள் போயிருக்கலாம். எவ்வளவோ இருக்கு.”

“அப்ப எதுன்னு கண்டுபிடிச்சுட்டு அழிக்கலாமே.”

“ஒன்பது வாரம் தேடினாங்கம்மா. அவங்களைவிடவா நமக்குத் தெரியும்? இப்ப மல்லுக்கு நின்னா அடுத்த வருஷம் நம்மளைச் சேர்த்துக்கவே மாட்டாங்க. கொடுத்ததைக் கொடுத்துட்டு மரியாதையா ஒதுங்கிக்கலாம்.”

“மரியாதையா அழிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கா சார்?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சின்ன டிஷ்ஷை மூடாமல் காப்பாற்ற ஆறு வருடமாக ஒவ்வொரு கமிட்டி வாசலிலும் நின்றவர். நின்று நின்று, யார் என்ன சொன்னாலும் தலையாட்டப் பழகிவிட்டார்.

“புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள அழிச்சு முடிச்சிடுங்க” என்றார்.

“என்னால முடியாது சார்” என்றாள் டிக்டிக். அவர் நிமிர்வதற்குள் அடுத்ததையும் சொன்னாள். “வேற யாராலயும் முடியாது. ஸ்டோர் சாவி என்கிட்டதான் இருக்கு.”

*

நிலையத்தின் அலுவலகம் அடிவாரத்து ஊரில். டிஷ் உச்சியில். நடுவே ஜீப்பில் இரண்டு மணி நேரம். அன்று மதியமே அவள் மேலே ஏறினாள். உச்சியில் காற்று கம்மி. படியேறினால் மூச்சு வாங்கும், நின்று பேசினாலும் வாங்கும். எல்லோரும் மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். மாட்டிக்கொண்டும் நிறுத்தாமல் பேசுகிற ஒரே ஆள் டிக்டிக்.

கருவி அறையில் ரிசீவரைக் குளிர்விக்கும் பம்ப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார் ஐஸ் அண்ணன். டிஷ்ஷில் விழும் அலையைப் பிடிக்கும் ரிசீவர் உறைகுளிரில்தான் வேலை செய்யும். அதைக் குளிராக வைத்திருப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

நடந்ததை அவள் சொல்லி முடித்ததும், “ரிசீவர் கெடல” என்றார்.

“கெட்டிருக்கலாம்னு சார் சொல்றார் அண்ணே.”

“கெடல. தினம் பார்த்தேன்.” ஸ்பானரைத் துணியில் துடைத்து வைத்தார். “கடிகாரம்?”

“கெடல. தினம் பார்த்தேன்.”

“அப்ப அழிக்காத.”

ஸ்டோர் அறையில் நான்கு பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பெட்டிக்கு எட்டு டிஸ்க். பெட்டிகளின் மேல் அவள் கையெழுத்தில் ஏப்ரல் தேதிகள். அவள் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டாள். செய்வது சரியா தப்பா என்று யோசிக்கவில்லை. தன் பொருளை யாரோ குப்பையில் போடப் பார்க்கிறார்கள் என்ற ஒரே எண்ணம்தான்.

*

சாயங்காலம் வீடு திரும்பியபோது புருஷன் சோபாவில் சாய்ந்து கால் நீட்டியிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஏப்ரலில் அவனுக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்தது. ஒன்பது வாரம் தாண்டியும் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை, எந்த வேலையும் செய்யக் கூடாது என்று அவன் புரிந்துகொண்டிருந்தான்.

அவனுடைய அக்கா, டிக்டிக்கின் நாத்தனார், மேல்மாடியில் குடியிருந்தாள். யார் வீட்டில் குரல் உயர்ந்தாலும் இறங்கி வந்துவிடுவாள். அன்றும் வந்தாள்.

டிக்டிக் விஷயத்தைச் சொன்னாள். புருஷன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“இரு இரு. ஏப்ரல்ல எடுத்ததையா? நான் ஆப்பரேஷனுக்குப் போனப்ப நீ மேல உட்கார்ந்து எடுத்தியே, அதையா?”

“ஆமா.”

“ஏன்டி, நான் வயித்தைக் கிழிச்சுக்கிட்டுத் தனியா கிடந்தேன், அதுக்குப் பலன் ஒண்ணுமில்லன்னு சொல்றானா அந்த ஆளு?”

“தனியாவா கிடந்த?” என்றாள் நாத்தனார். “கையெழுத்துப் போட்டது யாரு? மூணு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து இடுப்பு ஒடிஞ்சது யாரு? இவ போன்ல ‘பயப்படாத’ன்னு சொன்னா. அவ்வளவுதான் இவ செஞ்சது.”

நாத்தனார் சொன்னதில் பொய் இல்லை. பதிவு நடந்த அந்த ஆறு நாளும் டிக்டிக்குக்கு மேலேயிருந்து இறங்க வழியில்லை. இறங்கினால் கடிகாரத்தைப் பார்க்க வேறு ஆள் கிடையாது.

“அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு” என்றான் புருஷன். பிறகு மனைவியைப் பார்த்தான். “விடாத. வேலைய விட்டுத் தூக்கினா தூக்கட்டும். அடுத்த மாசம் நான் வேலைக்குப் போறேன்.”

“போன மாசமும் இதையேதான் சொன்ன” என்றாள் நாத்தனார்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, இயக்குநரைக் கேட்காமல், டிக்டிக் ஒப்பீட்டு மையத்துக்கு நேராகப் போன் போட்டாள். கடிகாரக்காரி மையத்தோடு பேசும் வழக்கம் கிடையாது. எல்லாம் இயக்குநர் வழியாகத்தான் போக வேண்டும்.

போனை எடுத்த பகுப்பாய்வாளர் ஜலதோஷம் பிடித்த குரலில் பேசினார். பொறுமையான மனிதர்தான், ஆனால் அதே கேள்விக்குப் பல பேருக்குப் பதில் சொல்லிக் களைத்திருந்தார்.

“எவ்வளவு தூரம் தேடினீங்க?” என்று கேட்டாள்.

“உங்க கடிகாரம் காட்டின நேரத்துக்கு முன்னாடி பத்து மைக்ரோ செகண்ட், பின்னாடி பத்து மைக்ரோ செகண்ட். அதுக்குள்ள இல்லன்னா இல்லைதாங்க.”

“இன்னும் கொஞ்சம் தள்ளித் தேடக் கூடாதா?”

“எவ்வளவு தள்ளி? ஒரு அடி தள்ளிப்போனா கம்ப்யூட்டர் ஒரு நாள் ஓடணும். இருட்டுல எந்தப் பக்கம்னு போறது?” தும்மினார். “தப்பா நினைக்காதீங்க. எங்க தேடணும்னு சொல்லுங்க, நான் தேடறேன். சும்மா நம்புங்கன்னா எதை வெச்சு நம்பறது?”

அவர் கேட்டது நியாயம். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கில்ல?”

“மதியம் பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கு.”

ஒன்பது மணி ஜீப்பைப் பிடித்து மேலே போனாள். கருவி அறை மேஜையில் ஏப்ரல் மாதத்துக் குறிப்பேடுகளைப் பரப்பினாள். கடிகாரக் குறிப்பேடு, ரிசீவர் குறிப்பேடு, டிஷ்ஷைத் திருப்பும் கம்ப்யூட்டரின் பதிவு. மூன்றையும் வரிவரியாகப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. இவ்வளவு ஒழுங்காக இருக்கிற ஒன்று எப்படித் தப்பாகும்?

பம்ப்பை மாட்டிக்கொண்டிருந்த ஐஸ் அண்ணன் திரும்பாமலே கேட்டார். “தகடு பார்த்தியா?”

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ரிசீவரின் முகத்துக்கு நேரே ஒரு கறுப்புத் தகடு வந்து நிற்கும். ரிசீவர் உறைகுளிரில் இருப்பதால் அந்தத் தகடே அதற்கு அடுப்பு மாதிரி. அது நிற்கும்வரை சிக்னல் உயர்ந்து நிற்கும், விலகியதும் சட்டென்று கீழே விழும். எதை எவ்வளவு கூட்டிக் குறைத்துப் படிப்பது என்று அளவு பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. தகடு விலகிய நேரம் டிஷ் கம்ப்யூட்டரில் இருக்கும். சிக்னல் விழுந்த நேரம் டிஸ்க்கில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று இங்கே யாரும் திறந்து பார்த்ததே இல்லை. பதிவு செய்வது, பெட்டியில் போடுவது, அனுப்புவது. அவ்வளவுதான் நிலையத்தின் வேலை.

அவள் ஸ்டோரைத் திறந்து முதல் பெட்டியைத் தூக்கி வந்தாள். ஐஸ் அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார். பதிவு செய்யும் ரெக்கார்டரில் செருகி, முதல் நாளின் முதல் பதிவைத் திறந்தார்கள். திரையில் ஒரு கோடு உயரமாகப் போய், செங்குத்தாக இறங்கியது.

“கம்ப்யூட்டர்ல என்ன நேரம்?” என்றாள்.

ஐஸ் அண்ணன் தாளைப் பார்த்து வாசித்தார். “பதினொண்ணு இருபத்தி ரெண்டு, அஞ்சாவது செகண்ட்.”

திரையில் நான்காவது செகண்ட்.

அடுத்த பதிவைத் திறந்தாள். கம்ப்யூட்டரில் நாற்பது, டிஸ்க்கில் முப்பத்தொன்பது. அதற்கடுத்தது பதினேழு, பதினாறு. இரண்டாவது பெட்டியிலிருந்து மூன்று, நான்காவது பெட்டியிலிருந்து மூன்று. எல்லாவற்றிலும் ஒரே வித்தியாசம்.

“ஒரு செகண்ட்” என்றார் ஐஸ் அண்ணன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. “சரியா ஒரு செகண்ட் பின்னாடி இருக்கு! கிடைச்சிடுச்சு!”

டிக்டிக் சிரிக்கவில்லை. குறிப்பேட்டின் முதல் நாள் பக்கத்துக்குத் திரும்பினாள்.

பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது. கடிகாரத்துக்கும் டிஷ் கம்ப்யூட்டருக்கும் பேட்டரி உண்டு, ரெக்கார்டருக்கு இல்லை. ஜெனரேட்டர் வந்ததும் ரெக்கார்டரை மறுபடி கிளப்பினாள். கிளப்பியதும் அது தானாக நெட்வொர்க்கில் நேரம் கேட்கும். அன்று நெட்வொர்க் இல்லை. அதனால் செயற்கைக்கோள் நேரம் காட்டும் ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்துக் கையால் நேரத்தைத் தட்டினாள். நொடிக்கு ஒரு துடிப்பு வரும்; தட்டிய எண்ணை அடுத்த துடிப்பில்தான் ரெக்கார்டர் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு நொடி முந்தியே அழுத்த வேண்டும். துடிப்புகள் அணுக் கடிகாரத்திலிருந்து வருபவை. அவை ஒரு மயிரிழையும் பிசகவில்லை. எந்தத் துடிப்புக்கு எந்த எண் என்பதில்தான் பிசகு. அழுத்துவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் பிந்தியிருக்கிறாள்; எண் அதற்கடுத்த துடிப்பில் ஏறிவிட்டது.

அது பெரிய குற்றமில்லை. யாருக்கும் நடக்கும். அதற்காகத்தான் அடுத்த வரி இருக்கிறது: ஜிபிஎஸ் திரையையும் ரெக்கார்டர் திரையையும் பக்கத்தில் வைத்துப் பத்து செகண்ட் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ‘நேரம் சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.

கட்டத்தில் டிக் இருந்தது, பக்கத்தில் நேரம் பத்து ஐம்பத்தெட்டு. அவள் போட்டது.

அந்த டிக்கைப் போட்ட கணம் அவளுக்கு இப்போது துல்லியமாக நினைவு வந்தது. உச்சியில் செல்போனுக்கு அனுமதி இல்லை; சுவரில் இருந்த லேண்ட்லைன் அடித்தது. புருஷன். “உள்ள கொண்டு போறாங்கடி” என்றான். எப்போதும் கிண்டலாகப் பேசுகிறவன் அன்று கிண்டல் பண்ணவில்லை. அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு “பயப்படாத” என்றாள். வலது கை தானாகப் போய்க் கட்டத்தில் டிக் போட்டது. திரைகளைப் பார்க்கவில்லை.

அவள் அந்த டிக்கின் மேல் விரலை வைத்தாள்.

“அண்ணே” என்றாள். “நான்தான்.”

ஐஸ் அண்ணன் அவள் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினார்.

“டிஸ்க் என்ன பண்ணுச்சு அதுக்கு?” என்றார்.

*

அன்று சாயங்காலம் அடிவாரத்து அலுவலகத்தில், அவள் கொண்டுவந்த வரைபடங்களை இயக்குநர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் குறிப்பேட்டுப் பக்கத்தையும் பார்த்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை வெளிய காட்ட வேண்டாம்” என்றார்.

“எதை சார்?”

“இந்த டிக்கை. ஒரு செகண்ட் தள்ளிப் பாருங்கன்னு மட்டும் சொல்லுவோம். காரணம் கேட்டா, மென்பொருள் கோளாறுன்னு வெச்சுக்கலாம்.”

“மென்பொருள் என்ன சார் பண்ணுச்சு பாவம்?”

“உங்களுக்காகத்தாம்மா சொல்றேன். பதினாலு வருஷ சர்வீஸ். சரிபார்க்காம சரிபார்த்தேன்னு எழுதினது தெரிஞ்சா உங்க பேரு மட்டுமில்ல, நிலையத்து பேரும் போயிடும். இவங்க குறிப்பேட்டை எப்படி நம்பறதுன்னு கேட்பாங்க.”

“கேட்கட்டும் சார். கேட்க வேண்டிய கேள்விதான். காரணத்தை மறைச்சு ஒரு செகண்ட் தள்ளுங்கன்னா எவன் தள்ளுவான்? இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க, நாளைக்கு ரெண்டு சொல்லுவாங்கன்னு தூக்கிப் போட்டுடுவான். கரண்ட் போனது, நான் கையால தட்டினது, பார்க்காம டிக் போட்டது, எல்லாத்தையும் சொன்னாத்தான் அந்த ஒரு செகண்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கு.”

“எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு நிக்கப் போறீங்களா?”

“நிக்கறேன். ஆனா தலை குனியமாட்டேன்” என்றாள். “தப்பு என்னோடது சார். டிஸ்க்குல தப்பில்ல.”

அவர் நாளைக்குப் பேசலாம் என்றார். நாளை புதன்கிழமை. புதன்கிழமைதான் எட்டு நிலையங்களும் மையமும் சேர்ந்து பேசும் வாராந்தரக் கூட்டம்.

*

அன்று இரவு சாப்பாட்டின்போது அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்ததையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு ஊர் உலகத்துக்கே சொல்லப்போவதை அவன் வேறு யார் வாயிலோ கேட்கக் கூடாது.

அவன் கை தட்டில் நின்றது.

“நான் போன் பண்ணாம இருந்திருந்தா…”

“நீ பண்ணினதுல தப்பில்ல. எடுத்ததுலயும் தப்பில்ல. ‘பத்து நிமிஷம் கழிச்சு டிக் போடறேன்’னு நான் இருந்திருக்கணும். அது என் வேலை. அதை உன் தலையில கட்டாத, என்னாலயும் கட்ட முடியாது.”

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பாட்டம் திட்டுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

“அன்னைக்கு இவன் எப்படி நடுங்கினான் தெரியுமா?” என்றாள். “உன்கிட்ட பேசின பிறகுதான் ஸ்ட்ரெச்சர்ல படுத்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “நாளைக்கு அவங்ககிட்ட நல்லா சத்தமா பேசு. வீட்டுல பேசற மாதிரி” என்றாள்.

*

கூட்டத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் திரையில் ஒரு சின்னக் கட்டம். இயக்குநர்கள்தான் பேசுவார்கள். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். டிக்டிக்கும் ஐஸ் அண்ணனும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தலைவர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார். “எட்டாவது நிலையம். நீக்கப்பட்டது. டிஸ்க்குகள் நாளை கிளம்புகின்றன. சரிதானே?”

இயக்குநர் மைக்கை அழுத்தினார். வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. ‘சரி’ என்று சொல்லவும் முடியாமல், ‘இல்லை’ என்று சொல்லவும் முடியாமல் அவர் தவித்த அந்த இடைவெளியில் டிக்டிக் எழுந்து மேஜைக்கு வந்து நின்றாள்.

“சரியில்லங்க” என்றாள். “டிஸ்க் கிளம்பல. சாவி என்கிட்ட இருக்கு.”

“நீங்க யாரு?” என்று கேட்டார் தலைவர்.

“கடிகாரம் பார்க்கிறவ.” மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “முதல் நாள் காலையில கரண்ட் போச்சு. ரெக்கார்டருக்கு நான் கையால நேரம் போட்டேன். ஒரு செகண்ட் பிந்திப் போட்டுட்டேன். சரிபார்க்காமலே சரிபார்த்ததா டிக் போட்டேன். அது என் தப்பு, அதை எழுதிக்கங்க. ஆதாரம் இருக்கு: அழிக்கச் சொன்னீங்களே அந்த டிஸ்க்குல ஒன்பது பதிவு பார்த்தோம், எல்லாத்துலயும் தகடு விலகின நேரம் ஒரு செகண்ட் பின்னாடி இருக்கு. ஒரு செகண்ட் முன்னாடி தள்ளித் தேடுங்க. அங்க இல்லன்னா நானே உட்கார்ந்து அழிச்சுத் தர்றேன்.”

“விதிப்படி, தன் குறிப்பேட்டைத் தானே தப்புன்னு சொல்ற நிலையத்தோட பதிவை…” என்று தொடங்கினார் தலைவர்.

“தப்பையே எழுதாத குறிப்பேட்டை நம்புவீங்க, தப்பைச் சொல்ற குறிப்பேட்டை நம்ப மாட்டீங்களா?”

யாரோ ஒரு கட்டத்தில் சிரித்தது கேட்டது. பிறகு ஒரு தும்மல். பகுப்பாய்வாளர்.

“எங்க தேடணும்னு சொன்னா தேடறேன்னு நேத்து இவங்ககிட்ட சொல்லியிருக்கேன்” என்றார் அவர். “சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு நாள் போதும்.”

தலைவர் வேண்டாம் என்று சொல்லும் முன், இயக்குநரின் குரல் கடைசியில் வெளியே வந்தது. “வண்டி வியாழக்கிழமை காலியாத்தான் திரும்பும்” என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதா இது என்பது போல மைக்கைப் பார்த்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் போன் வந்தது. டிக்டிக் கருவி அறையில் இருந்தாள். ஐஸ் அண்ணன் எடுத்து அவளிடம் நீட்டினார்.

“திரையைப் பாருங்க, அனுப்பியிருக்கேன்” என்றார் பகுப்பாய்வாளர்.

திரையில் ஒரு வரைபடம். இடமிருந்து வலம் வரை ஒழுங்கில்லாத இரைச்சல், புல் மாதிரி. நடுவில், புல்லுக்கு மேல் ஒற்றைப் பனைமரம் மாதிரி ஒரு முகடு.

“இது உங்களுக்கும் ஏழாவது நிலையத்துக்கும். ஒரு செகண்ட் தள்ளினதும் முதல் தடவையிலேயே வந்துடுச்சு. மத்த நிலையங்களோடயும் பார்த்தேன், எல்லாத்துலயும் இருக்கு. உங்க கடிகாரம் இருக்கே, அம்மாடி! மைக்ரோ செகண்ட் கூட விலகல.” தும்மினார். “ஒன்பது வாரம் வேற எங்கேயோ தேடிக்கிட்டு இருந்தோம்.”

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். எல்லா நாளும் வாய் மூடாதவள் அன்று ஜீப் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஐஸ் அண்ணன்தான் பேசினார். தன் ரிசீவர் எவ்வளவு நல்ல ரிசீவர் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

இரண்டு வாரம் கழித்து அவளுக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதியின்றி மையத்தைத் தொடர்புகொண்டது, சாவியை ஒப்படைக்க மறுத்தது, கூட்டத்தில் குறுக்கிட்டது என்று மூன்று குற்றம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்ததை இயக்குநர் சங்கடத்தோடு கொடுத்தார்.

அவள் இரண்டு பக்கமும் படித்துவிட்டுத் திருப்பி மேஜையில் வைத்தாள்.

“இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“வாங்கிக்கிட்டேன்னு போடறதுதாம்மா. ஒப்புக்கிட்டேன்னு இல்ல.”

“நான் செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணு. பார்க்காம டிக் போட்டது. அது இதுல இல்லவே இல்ல. தப்பு செஞ்சதுக்கு மெமோ இல்லையாம், சொன்னதுக்கு மெமோவாம். திருத்தி அனுப்பச் சொல்லுங்க, அப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“அப்படியே எழுதிடவா?”

“ஒரு எழுத்து விடாம எழுதுங்க சார்.”

எழுதினார். திருத்திய மெமோ வரவில்லை. பழையதும் எந்தக் கோப்பில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நேரம் சரிபார்க்கும் கட்டத்துக்கு இனி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி வந்தது; அதை எழுதிக் கேட்டது அவள்தான்.

அடுத்த வருடம் படம் வெளியானது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம், நடுவில் கறுப்பு. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் அது வந்தது. கட்டுரையின் பின்பகுதியில் யாரும் படிக்காத ஒரு பக்கத்தில் இன்னொரு படமும் இருந்தது: எட்டாவது நிலையம் இல்லாமல் போட்டால் எப்படி இருக்கும் என்று. அதில் வளையம் இல்லை. நடுவில் கறுப்பும் இல்லை. நனைந்த சுவரில் பரவிய கறை மாதிரி ஏதோ ஒன்று.

டிக்டிக் இரண்டையும் பெரிதாக அச்செடுத்து, அலுவலக நடைவழியில், இயக்குநர் அறைக்கு நேர் எதிரே ஒட்டினாள். வளையத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. கறைக்குக் கீழே, ‘அந்த வியாழக்கிழமை அழித்திருந்தால்’ என்று எழுதினாள்.

இயக்குநர் நான்கு நாள் பார்க்காத மாதிரி கடந்து போனார். ஐந்தாம் நாள் நின்றார். அவள் கடிகார அறை அறிக்கையோடு வந்துகொண்டிருந்தாள்.

“என் மேல உள்ளதை மட்டும் எழுதி வெச்சிருக்கீங்க” என்றார். “உங்க பங்கையும் எழுத வேண்டாமா?”

“எழுதியிருக்கேனே சார். கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தாளின் கீழ் ஓரத்தில், முதல் நாளின் தேதியோடு, பத்து மணி ஐம்பத்தெட்டு நிமிடம் என்று நேரம் போட்டு, ‘இந்த டிக் என்னுடையது’ என்று எழுதி, அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.